மூன்றாம் நாற்காலி

ஜூன் 3, திங்கள்
லண்டன் பிரிக்ஸ்டன், எங்கள் சலூன். ஏழு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கியாச்சு. முடிவெட்டிக்கொண்டே மனசுவிட்டுப் பேச வந்தவர்கள் பதினொரு பேர். மூன்றாம் நாற்காலி காலி.

ஜூன் 4, செவ்வாய்
மூன்றாம் நாற்காலிக்காரரை நேற்று இரவு போலீஸ் மனநலச் சட்டம் பிரிவு 136-இல் கொண்டுபோயிருக்கிறது. 24 மணி நேரம் வைத்திருக்கலாம். அதற்குள்ளேயே இன்று பிரிவு 2 போட்டு மனநல வார்டில் சேர்த்துவிட்டார்கள். 28 நாள் வரை.

தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 14 நாள். சேர்த்த நாளே முதல் நாள். மறுநாளிலிருந்து எண்ணிக் கோட்டை விட்டவர்கள் உண்டு. அப்படியானால் 17-தான் கடைசி.

ஜூன் 6, வியாழன்
புதிதாக வரப்போகிற பையனுக்குச் சொல்லித்தர எழுதி வைக்கிறேன். நாற்காலிகளை வட்டமாகப் போடாதே. வட்டத்தைப் பார்த்தாலே ஆஸ்பத்திரி நினைப்பு வந்து வாயை மூடிக்கொள்வார்கள். சலூன் நாற்காலி இருந்தபடியே இருக்கட்டும், முகம் கண்ணாடியைப் பார்க்கட்டும். ஓரம் படிப்படியாகக் குறைகிற ஃபேட் வெட்ட நாற்பது நிமிஷம் ஆகும். கிளிப்பர் சத்தத்தில் பக்கத்து ஆளுக்குப் பாதிதான் கேட்கும். பேசுகிறவனுக்கு அந்தப் பாதிதான் தைரியம். காதுக்குப் பின்னால் போகும்போது கிளிப்பரை அணைத்தால் பேச்சும் நின்றுவிடும், ஓடவிடு.

'மனநலம்' என்று ஆரம்பிக்காதே. "ராத்திரி தூக்கம் வருதா?" போதும். கையெழுத்துத் தாள் கூடாது, கழுத்தில் அடையாள அட்டை கூடாது. சாகணும் போல இருக்கு என்று யாராவது சாடையாகச் சொன்னால், நேராகவே கேள்: உயிரை விடணும்னு யோசிக்கிறியா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அன்று அவனைத் தனியாக அனுப்பாதே. சமாரிட்டன்ஸ் உதவி எண் 116 123 கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

ஜூன் 8, சனி
அவர் தங்கை போனை எடுக்கவில்லை.

ஜூன் 10, திங்கள்
ஏழாம் நாள்.

யாரோ ஒரு அதிகாரி "சும்மா கேட்க" வந்து, நோட்டைத் திறந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் நாலு பேர் எழுந்து போனார்கள். இங்கிலாந்தில் 2022–23-இல் லட்சம் கறுப்பினத்தவரில் 228 தடுத்துவைப்புகள், வெள்ளையரில் 64 என்று படித்தார். யாருக்குப் படிக்கிறார்? அந்த 228-இல் எத்தனை பேர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார்களோ.

மூன்றாம் நாற்காலிக்காரரைப் பற்றிய வார்டுக் குறிப்பில் "போலீஸ் தன்னைத் துரத்துவதாக நம்புகிறார்" என்று இருக்கிறதாம். நம்புகிறார்! வசந்தத்திலிருந்து அவரை மூன்று தடவை தெருவில் நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள், கடைக்காரரே ஒரு தடவை வாசலில் நின்று பார்த்தார். அவருக்கு உடம்பு முடியவில்லை என்பதும் உண்மைதான். நாலு நாள் தூங்கவில்லை, ரேடியோவோடு பேசினார். நோய் இருப்பதால் நடந்தது நடக்காததாகிவிடுமா? என்ன கோளாறு என்று கேட்கிறவர்கள், நடந்ததா என்று முதலில் கேட்பதில்லை.

ஜூன் 11, செவ்வாய்
தங்கை பேசினாள். அவர் ஜாக்கெட் பையில் போலீஸ் கொடுத்த இரண்டு சோதனைச் சீட்டு. ஒன்று ஜீன்ஸோடு துவைத்தது, மை போய்விட்டது, தேதி மட்டும் தெரிகிறது. மூன்றாவதை அவர் வாங்கவே இல்லை. பரவாயில்லை, மூன்று மாதத்துக்குள் பதிவின் நகலைக் கேட்டு வாங்கலாம். ஏப்ரலில் நடந்தது, நேரம் இருக்கிறது. மூன்றும் வழக்கறிஞர் கைக்குப் போகவேண்டும், டாக்டர்கள் கூடிப் பேசும் வார்டு ரவுண்டுக்கும் ஒரு நகல்.

ஜூன் 12, புதன்
அவர் ஆறடி இரண்டு அங்குலம். குரலும் கனம். பேசினாலே அதட்டுகிற மாதிரி இருக்கும். பயமாக இருக்கிறது. 2010-இல் பெத்லெம் மருத்துவமனையில் ஒலசெனி லூயிஸை அமுக்கிப் பிடித்தவர்கள் பதினொரு போலீஸ்காரர்கள். வயது 23, பிழைக்கவில்லை. அவர் பெயரால்தான் 2018 சட்டத்தைச் செனி சட்டம் என்கிறார்கள். வார்டுக்கு வரும் போலீஸ் முடிந்தவரை உடம்பில் கேமரா போட்டிருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது.

தங்கையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி
'நெருங்கிய உறவினர்' கட்டத்தில் வார்டு அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறது. அம்மா இருப்பது ஜமைக்காவின் கிங்ஸ்டனில். நோயாளி இங்கே வசிக்கும்போது, இந்த நாட்டில் வசிக்காதவரைச் சட்டம் கணக்கில் எடுக்காது. மனைவி, பிள்ளை கிடையாது, அப்பா இல்லை. அடுத்தது தங்கைதான், வயதும் பதினெட்டைத் தாண்டியாச்சு. திருத்தச் சொல்லி எழுத்தில் கொடுத்தாள்.

அவள் 72 மணி நேர நோட்டீஸ் கொடுத்து விடுவிக்கக் கேட்கலாம்தான். ஆனால் 'ஆபத்தாக நடந்துகொள்ளக்கூடும்' என்று மருத்துவர் எழுதிவிட்டால் தடை, பிறகு ஆறு மாதம் அந்த வழி மூடியிருக்கும். இந்த உயரத்துக்கும் இந்த நிறத்துக்கும் அந்த வார்த்தையை எழுத எவ்வளவு நேரமாகும்? முதலில் தீர்ப்பாயம். அதற்கு வழக்கறிஞர் இலவசம், சொத்து வருமானம் பார்ப்பதில்லை.

மாலை ஐந்துக்கு மேல்முறையீட்டுப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். வார்டு மேசையில் கொடுத்தாச்சு. மேசையில் கிடந்தால் ஆகாது, 17-க்குள் தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

ஜூன் 15, சனி
கிடைத்தது என்று பதில் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு
இல்லை.

ஜூன் 17, திங்கள்
காலை 9:05. ஆஸ்பத்திரியின் மனநலச் சட்ட அலுவலகத்துப் பெண் படிவமே வரவில்லை என்கிறாள். வெள்ளி மாலை ஷிப்ட் மாறியபோது எந்தத் தட்டில் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கையின் போனில் படிவத்தின் படம் இருக்கிறது. வழக்கறிஞர் அதையே நேராகத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புகிறார்.

மதியம் 3:40. இன்னும் பதில் வரவில்லை. ராத்திரி சாப்பிடப் பேட்டி பலகாரம் முப்பது சொல்லியிருக்கிறது, ஏழேகாலுக்குச் சூடாக்கணும். புதுப் பையன் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்