வால்வு சிவந்த கதை: 7591 ரிசீவர், நான்காவது மாதம்

நேற்று ராத்திரி என் பழைய வால்வு ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த ஸ்டீரியோ பெட்டி) மூன்றரை மணி நேரம் ஓடியது. விளக்கை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரை ஓட்டுகிற நாலு 7591 ரக அவுட்புட் வால்வையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஹீட்டரின் ஆரஞ்சுப் புள்ளி தவிர உள்ளே ஒரே கருப்பு. மூன்று மாதமாக இந்தக் கருப்பைப் பார்க்கத்தான் அலைந்தேன். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெட்டி வாங்கினேன் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரையும் போல நானும் டைனாகோ ஸ்டீரியோ 70 ஆம்ப்பில்தான் தேட ஆரம்பித்தேன். 1959-ல் வந்தது, நாலு ஈஎல்34 வால்வு, சேனலுக்கு 35 வாட். அதன் பயாஸ் முறை (பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்டை அமைப்பது) எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்: 15.6 ஓம் ரெசிஸ்டரின் மேல் 1.56 வோல்ட் வருகிற மாதிரி திருகினால் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லிஆம்பியர், வேலை முடிந்தது. கணக்குப் போடக்கூடத் தேவையில்லை. ஆனால் இரண்டு தயக்கம். ஒன்று, டிரைவர் வால்வு 7199. நல்லதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்னொன்று, பெரும்பாலும் கிட்டாக, வாங்கியவரே பொருத்திக்கொள்கிற மாதிரி, விற்ற சரக்கு. அதை அன்றைக்கு ஈயம் வைத்தவர் கை எப்படியோ நம் விதியும் அப்படி. தனியாகப் பிரீஆம்ப்பும் தேட வேண்டும். மெக்கின்டாஷ் எம்சி275 பற்றிப் பேச்சே வேண்டாம், எட்டாக்கனி.

வாட் பற்றி ஒரு வார்த்தை. என் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 91 டெசிபல், குறைந்த வாட்டிலேயே நன்றாகப் பாடும். 12 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் நடுவே வித்தியாசம் 4 டெசிபல்தான். அதனால் ஈஎல்84 போட்ட சின்ன இன்டகிரேட்டட் ஆம்ப் (பிரீஆம்ப்பும் உள்ளேயே இருப்பது) எனக்குத் தாராளம். ஒன்றைப் பார்க்கவும் போனேன். பெயர் வேண்டாம், முகப்பெல்லாம் தங்கம் மாதிரி பளபளப்பு. அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வைத்தால் வலப்பக்கம் பிரைமரியில் (வால்வோடு சேரும் சுற்று) பாதி ஓப்பன், கம்பி அறுந்திருந்தது. விற்றவர் "வால்வு மாத்தினா பாடும் சார்" என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கம்பெனி பெயருக்கு முன்னால் இரும்பை, அதாவது டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். கண்டென்சர், ரெசிஸ்டர், வால்வு எல்லாம் மாற்றிவிடலாம். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போனால் போனதுதான். வெறும் ஓம் பார்ப்பதோடு நிற்காதீர்கள். பிரைமரியின் இரண்டு பாதியும் ஓமில் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும், ஒரு பாதி உள்ளே சுற்றியது, மறுபாதி வெளியே. அது கோளாறு இல்லை. அவுட்புட் வால்வைக் கழற்றிவிட்டு, 8 ஓம் முனையில் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 வோல்ட் ஏசி கொடுங்கள். இரண்டு பிளேட் முனைக்கும் (வால்வுக்குள் இருக்கும் தகடு சேரும் முனை) நடுவே அளந்து பாருங்கள். 6,600 ஓமை 8 ஓமாக இறக்கும் டிரான்ஸ்பார்மர் என்றால் சுமார் 28.7 வோல்ட் வர வேண்டும். சரியான எண் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை, இரண்டு சேனலும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 19 என்றால் உள்ளே சுற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓடிவந்துவிடுங்கள்.

அடுத்தது வால்வின் எண். ஈஎல்84, ஈஎல்34, 6எல்6 ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பஞ்சமில்லை. 7591 நடுவில் பல வருஷம் தயாரிப்பே இல்லாமல் இருந்து திரும்பி வந்தது. லக்ஸ்மன் எஸ்க்யூ-38 வரிசையில் வரும் 50சிஏ10 மாதிரி என்றால் இருக்கிற பழைய சரக்கை நம்பித்தான் பிழைப்பு. பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று விழுந்துவிடாதீர்கள்.

கடைசியில் கைக்கு வந்தது ஃபிஷர் 500-சி ரிசீவர். நாலு 7591, போனோ (ரிக்கார்டு பிளேயருக்கான உள்ளீடு), எஃப்எம் எல்லாம் ஒரே பெட்டிக்குள். எஃப்எம்மில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது 1961-ல். அதற்கு முன் வந்த ரிசீவர்களில் உள்ளே ஸ்டீரியோவைப் பிரிக்கும் டிகோடர் இருக்காது. அந்தக் காலத்தில் ஒரு சேனலை ஏஎம்மிலும் மறு சேனலை எஃப்எம்மிலும் அனுப்பி, வீட்டில் இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள். ரேடியோவுக்காகவே வாங்குகிறவர்கள் இந்த வருஷத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீரீஸ் லேம்ப் போர்டு, ஃபில்டர் கண்டென்சர், கப்ளிங் கண்டென்சர் எல்லாம் வழக்கமான வேலை, அதை விவரிக்கப் போவதில்லை. இந்தப் பெட்டியில் பயாஸ் திருக வசதி கிடையாது. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு பிரீசெட் (திருகி அமைக்கும் சின்ன ரெசிஸ்டர்), கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) ஆளுக்கொரு 10 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். கிரிட் என்பது கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை; அதில் இருந்த 330 கிலோஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு 220 வைத்தேன். 7591-க்கு ஃபிக்ஸ்டு பயாஸில் (கிரிட்டுக்குத் தனியாக மைனஸ் வோல்ட் கொடுக்கும் முறை) 300 கிலோஓமுக்கு மேல் போகக்கூடாது என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. புது வால்வுகள் இதில் இன்னும் முசுடு.

பிளேட்டில் 425 வோல்ட், 10 ஓம் மேல் 0.33 வோல்ட். அதாவது 33 மில்லிஆம்பியர், 14 வாட் சுமார். வால்வின் எல்லை 19. எல்லாம் அழகாக இருந்தது, முதல் இருபது நிமிஷத்துக்கு.

இருபத்தைந்தாவது நிமிஷம் வலது சேனலில் பின்பக்கத்து வால்வு மட்டும் 0.38 காட்டும். கொஞ்ச நேரத்தில் 0.45. பிறகு 0.57. 24 வாட்! பிளேட்டின் மடிப்பு ஓரத்தில் முதலில் ஒரு கோடு, கத்தியைக் காய்ச்சிய மாதிரி மங்கலான சிவப்பு. அது அகலமாகிக்கொண்டே வரும். ஸ்விட்சை அணைக்கும்போது கை நடுங்கும்.

முதல் சந்தேகம் வால்வு மேல். இடம் மாற்றிப் போட்டேன். சிவப்பு வால்வோடு போகவில்லை, சாக்கெட்டோடு நின்றது. சரி, கப்ளிங் கண்டென்சர் லீக். புதிதாய்ப் போட்டதையே கழற்றி இன்னொரு புதிது. அதே கதை. கிரிட் ரெசிஸ்டர், பிரீசெட், கிரிட் ஸ்டாப்பர் என்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றினேன். கேட்காத அலைவரிசையில் ஆசிலேட் ஆகிறதோ என்று ஸ்கோப் வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாழ். வீட்டில் "பாட்டுக் கேக்கத்தானே வாங்கினீங்க?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு தடயம் மட்டும் இருந்தது. பிரீசெட் பக்கம் எப்போதும் மைனஸ் 17 வோல்ட், அசையவே இல்லை. ரெசிஸ்டரைத் தாண்டி கிரிட் பக்கம் மட்டும் சூடேறச் சூடேற மைனஸ் 13 ஆகிவிடும்; மைனஸ் குறைந்தால் வால்வில் கரண்ட் ஏறும். 220 கிலோஓமில் 4 வோல்ட் விழுகிறது என்றால் 18 மைக்ரோஆம்பியர் எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து?

எனக்கு வால்வு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, வால்வப் புடுங்கிட்டு அளந்தியா?"

"அளந்தேன்ணே. மைனஸ் 17 சரியா இருக்கு."

"சூட்டோட புடுங்கினியா, ஆறின பெறகா?"

பதில் சொல்லாமல் நின்றேன். ஒவ்வொரு தடவையும் கை சுடுமே என்று டீ குடித்துவிட்டு வந்துதான் கழற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரியே செய்தேன். சிவக்க ஆரம்பித்ததும் அணைத்து, துணியைச் சுற்றி வால்வை இழுத்து, உடனே மறுபடி ஆன். கிரிட் முனையில் மீட்டர். வால்வின் சொந்த கிரிட் கரண்ட் என்றால் வால்வைப் பிடுங்கியதுமே மைனஸ் 17-க்குத் தாவியிருக்க வேண்டும். தாவவில்லை. மைனஸ் 13.1. ஒரு நிமிஷம் கழித்து 13.4. பிறகு 13.9. எட்டு நிமிஷம் ஆமை மாதிரி ஊர்ந்து 16.8-க்கு வந்தது. வால்வு இல்லை, கண்டென்சர் புதுசு. சூடாக இருந்து மெதுவாக ஆறுகிற பொருள் அங்கே வேறு ஒன்றுதான் மிச்சம்: சாக்கெட்.

கணக்குப் போட்டால், ஹை-வோல்ட் ஓடும் ஸ்கிரீன் முனைக்கும் கிரிட்டுக்கும் நடுவே 440 வோல்ட்டுக்கு 18 மைக்ரோஆம்பியர் என்பது 24 மெகாஓம். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரி அதைப் பிடிக்கவே பிடிக்காது. ஆறிய சாக்கெட்டில் அது இல்லவும் இல்லை. டார்ச் அடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஸ்கிரீன் முனைக்கும் கிரிட் முனைக்கும் நடுவே பழுப்பு அட்டையின் மேல் தேன் நிறத்தில் ஒரு படலம். எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ஈயத்தோடு பிளக்ஸை (ஈயம் ஒட்ட உதவும் பசை) அள்ளி ஊற்றியிருக்கிறார், அதன் மேல் ஏதோ ஸ்பிரேயும் அடித்திருக்கிறார். அறுபது வருஷத்துத் தூசி அதில் ஒட்டி வெந்துபோயிருந்தது.

முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹால், டூத் பிரஷ். சூட்டில் மைனஸ் 13 இருந்தது 15.5 ஆனது. மகிழ்ந்தேன். மூன்று நாளில் பழையபடி. அட்டைக்குள்ளேயே ஊறிவிட்டது போல. மாற்றியே தீர வேண்டும்.

இந்த மாற்றும் வேலை பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். பழைய சாக்கெட் ரிவெட் அடித்தது. ரிவெட்டை டிரில் போட்டால் பித்தளைத் தூள் சேஸிஸ் முழுக்கப் பறக்கும். பக்கத்திலேயே எஃப்எம் பகுதி. மாஸ்கிங் டேப்பால் ஒரு தொட்டில் மாதிரி கட்டி, வேக்குவம் குழாயை வாயில் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் டிரில். அப்படியும் ஒரு துணுக்கு எங்கோ விழுந்தது, அதைத் தேட ஒரு மணி நேரம். ஒரு முனையில் மூன்று கம்பி, எல்லாம் முறுக்கிக் கொக்கி போட்டு ஈயம் வைத்தது. ஈயத்தை உறிஞ்சி எடுத்தாலும் கொக்கி விடாது. இழுத்தால் பழைய ரப்பர் உறை பொடியும். நான் கடைசியில் பழைய முனைகளைச் சாக்கெட்டோடு சேர்த்தே வெட்டிவிட்டு, கம்பியில் மிச்சமிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். இதுதான் சரியான வழி, ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டும். புது செராமிக் சாக்கெட்டின் கழுத்து ஓட்டைக்குள் இறங்கவில்லை, அரத்தால் சுற்றிலும் நாலு தேய்ப்பு.

போட்டதிலிருந்து நாலு வால்வும் 0.33, 0.32, 0.33, 0.34. மூன்றரை மணி நேரம் கழித்தும் அதே. வயலின் வில் மேலே போய்த் திரும்புகிற இடத்தில் முன்பெல்லாம் வலது பக்கம் ஒரு மணல் கலந்த மாதிரி இருக்கும். இப்போது இல்லை.

மீதி மூன்று சாக்கெட்டையும் மாற்ற வேண்டுமா என்றால், வேண்டும். செய்வேனா என்றால், தெரியவில்லை.

வால்வு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "மேட்ச்டு குவாட்" (ஒரே மாதிரி ஒத்துப்போகிற நாலு வால்வு) என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். எத்தனை வோல்ட்டில் மேட்ச் பண்ணினீர்கள் என்று கேளுங்கள். எனக்கு வந்த முதல் நாலு, குறைந்த வோல்ட்டில் ஒத்துப்போய் 425-ல் ஆளுக்கொரு திசை. விற்றவர் பதிலே போடவில்லை. புது 7591 சிலது பழசைவிடப் பருமன் வேறு, நெருக்கமான சேஸிஸில் தோளோடு தோள் உரசும். டெலிஃபங்கன் 12ஏஎக்ஸ்7 என்று சொன்னால் அடியில், பின்களுக்கு நடுவே, கண்ணாடியிலேயே வார்த்த வைர வடிவம் இருக்கிறதா பாருங்கள். மேலே உள்ள அச்சு எழுத்தை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

230 வோல்ட் வீட்டில் இதை ஓட்டுகிறவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரைத் தாராளமான வாட்டில் வாங்குங்கள். 60 சைக்கிளுக்கு (ஹெர்ட்ஸ்) சுற்றிய டிரான்ஸ்பார்மர் 50 சைக்கிளில் கூடுதலாகச் சூடாகும். மெயின்ஸை நம்பாமல் ஹீட்டரை அளந்து 6.3 வோல்ட் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அடுத்து மல்டிபிளெக்ஸ் அலைன்மென்ட், அதாவது எஃப்எம் ஸ்டீரியோ பகுதியைச் சரிசெய்வது. வால்யூம் கன்ட்ரோல் கரகரப்பும் பாக்கி. அதற்குள் ஒரு தனி ஈஎல்84 ஆம்ப் சொந்தமாகக் கட்டலாமா என்று மனசு அரிக்கிறது, இரண்டு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஏற்கெனவே மேசை அடியில் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கழற்றிய சாக்கெட்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இன்று காலை அண்ணனிடம் 500 வோல்ட் மெகர் (அதிக வோல்ட்டில் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் கருவி) இரவல் வாங்கி வந்து, ஸ்கிரீன் முனைக்கும் கிரிட் முனைக்கும் நடுவே பிடித்தேன். முள் அசையவில்லை. ஹேர் டிரையரை எடுத்து ஐந்து நிமிஷம் அதன் மேல் அடித்துவிட்டு மறுபடி பிடித்தேன். 26 மெகாஓம்.