டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எத்தனை மணி நேரம்?

டெல்லி மயூர் விகாரில் எங்களைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பதால், இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. இணையத்தில் தேடினால் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர் என்று வரும். அதை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, பதினான்கு மணி நேரம் கூட ஆகாது என்று சொல்லிவிடுகிறார்கள். தூரம் சரிதான். ஆனால் அது ஆர்க்டிக் பகுதியைக் கடந்து செல்லும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். விமானம் அந்தக் கோட்டிலேயே போக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்தப் பயணத்தை மேற்கே போகும் அட்லாண்டிக் வழியிலிருந்து கிழக்கே போகும் பசிபிக் வழிக்கு மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புதியது சுமார் 15,300. இவ்வளவு கூடுதலாகப் பறந்தும் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும், குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டக்கூடிய ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளியதே காரணம். பூமி சுழல்வதால் நேரம் குறைகிறது என்று விளக்குபவர்கள், காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வான்வெளிக் கட்டுப்பாடுகள் இன்னொரு தொல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்பவை தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்க நிறுவனங்களோ 2022 முதல் ரஷ்யாவின் மேல் பறப்பதில்லை.

இவற்றையெல்லாம் விட அதிகமாகக் குழப்புவது பயணச்சீட்டுதான். பெண்ணைப் பார்க்கக் கிளம்பிய என் அத்தை, அதிகாலை 3 மணிக்குப் புறப்பாடு, அதே தேதியில் காலை 5.30 மணிக்கு வருகை என்று படித்துவிட்டு, “ஏம்ப்பா, ரெண்டரை மணி நேரம்தானா?” என்று கேட்டார். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், உண்மையான பயணம் பதினாறு மணி நேரம். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் வித்தியாசம் பன்னிரண்டரையாகிவிடும். அத்தையின் இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மருத்துவர் சொன்ன வேளைகளை டெல்லி நேரத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இறங்கும் வரை கைக்கடிகாரத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

சீட்டில் உள்ள பயண நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அதில் அடங்கும். பொங்கலை ஒட்டிய நாட்களில் டெல்லியில் இறங்கும் மூடுபனியால் ஆகும் தாமதம் அதில் அடங்காது. அந்த நாட்களில் அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேர இடைவெளியை நம்பிச் சீட்டு எடுக்க வேண்டாம்.