அரை ஆள் கிடைத்த கதை

2022 செப்டம்பரில் மகன் இங்கே, அயர்லாந்தில், தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பான ஜூனியர் இன்ஃபன்ட்ஸில் சேர்ந்தான். முதல் வாரமே ஆட்டிசம் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபாலிடம் போனேன். "இவனுக்கு எத்தனை மணி நேரம் ஆள் தருவார்கள்?" என்று கேட்டேன்.

கேள்வியே தப்பாம். எஸ்என்ஏ என்று இங்கே சொல்லும் உதவியாளரைப் பிள்ளைக்கு ஒதுக்குவதில்லை, பள்ளிக்குத்தான் ஒதுக்குகிறார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துக்கொள்வது பள்ளியின் வேலை. பெற்றோர் நேராக விண்ணப்பிக்கவும் வழியில்லை. இருக்கிற ஆட்கள் போதவில்லை என்றால், பள்ளிதான் என்சிஎஸ்இ என்ற சிறப்புக் கல்வி மன்றத்துக்கு மறு ஆய்வு கேட்டு எழுத வேண்டும். அதைப் பார்க்கிற வட்டார அலுவலரை எல்லோரும் 'செனோ' என்கிறார்கள். ஒதுக்கீடும் 0.5, 0.83 என்று பின்னத்தில் வரும். அரை ஆள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, பள்ளி எழுதட்டும், நம் பங்குக்கு ஒரு கடிதம் கொடுப்போம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். 200 வரை எண்ணுவான், படம் பார்த்து வார்த்தை சொல்வான், பேச்சுதான் கொஞ்சம் தாமதம். பெருமையும் கவலையும் பாதிப் பாதி. பிரின்சிபால் படித்துவிட்டு, "இதில் ஒரு வரிகூட உதவாது" என்றார். 2014-இல் வந்த 30-ஆம் எண் சுற்றறிக்கைப்படி எஸ்என்ஏ பராமரிப்புத் தேவைகளுக்கு மட்டும்: சாப்பாடு, கழிப்பறை, உடை, நடமாட்டம், பாதுகாப்பு. பாடம் சொல்லித் தருவது ஆசிரியர் வேலை.

அப்புறம் ஆரம்பித்தது நோட்டு. வகுப்பில் ஆசிரியை ஒன்று, வீட்டில் நான் ஒன்று, நான்கு வாரம். "9.40, கதவைத் திறந்து வெளியே ஓடினான், பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது." "11.05, கழிப்பறை, பேன்ட் பட்டன் கழற்றத் தெரியவில்லை, நனைத்துக்கொண்டான்." எத்தனை தடவை, எவ்வளவு நிமிடம், யார் கவனித்தார், அந்த நேரம் மற்ற பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்பதுவரை எழுதினோம். ஊரிலிருந்து அம்மா போனில், "பெத்த பிள்ளையப் பத்தி இப்படியா எழுதிக் குடுப்ப?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. பிள்ளையின் குறையை நாலு பேரிடம் மறைத்தே பழகிய கை, தேதி போட்டு எழுத முதலில் கூசத்தான் செய்தது.

செனோ ஒரு காலை வந்து வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். அன்று பார்த்து இவன் ஓடவே இல்லை! எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் கையில் நோட்டு இருந்ததே.

சில வாரங்களில் பள்ளிக்குக் கூடுதலாக 0.5 வந்தது. வந்தவர் இவனையும் இன்னொரு பெண் குழந்தையையும் சேர்த்துப் பார்க்கிறார். இடைவேளை, சாப்பாடு, கழிப்பறை நேரங்களில் இவன் பக்கம், மற்ற நேரம் அங்கே. நான் கனவு கண்டது நாள் முழுக்கக் கூடவே ஒருவர். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டே இருந்தால் இவன் யாருடனும் சேர மாட்டான் என்று அவரே சொன்னார், அது நியாயமாகத்தான் பட்டது.

பள்ளி இவனுக்குப் போட்ட திட்டத்தில் முதல் இலக்கு பேன்ட் பட்டன். அதனால் வீட்டிலும் எலாஸ்டிக் பேன்ட்டையெல்லாம் மூட்டை கட்டிவிட்டோம்.