அடுத்த பாடத்திலும் 1.75லேயே ஓடுகிறது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவழியாக வழிக்கு வந்தது. தங்கச்சி குரூப் 4 தேர்வுக்குப் பார்க்கும் வகுப்பு வீடியோ, அடுத்த பாடத்துக்குத் தாவிய பிறகும் 1.75 மடங்கு வேகத்திலேயே ஓடியது. புதுச்சேரியில் வேலை முடிந்து மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து சேரவே எட்டாகிவிடும். அதற்கு மேல் உட்கார்ந்து மூன்று வாரம் மல்லுக்கட்டிய எக்ஸ்டென்ஷன் இது, வீடியோ வேகத்தைக் கூட்டி அப்படியே வைத்திருக்க பிரவுசரில் சேர்க்கும் குட்டி நிரல்.

வேகத்தைக் கூட்டுவது ஒரு வரி வேலை. வீடியோவின் இப்போதைய வேகத்தைச் சொல்லும் பிளேபேக்ரேட்டில் எண்ணைப் போட்டால் குரோமில் 16 வரை போகும். அந்த வேகத்தைத் தக்கவைப்பதுதான் பாடு. புது வீடியோ ஏறும்போது, தொடக்க வேகத்தைச் சொல்லும் டீஃபால்ட்பிளேபேக்ரேட்டில் இருக்கும் எண்ணுக்கு பிரவுசரே திரும்பிவிடும். அதிலும் 1.75 போட்டேன், சரியானது. ஆனால் அந்தத் தளத்தின் ஸ்கிரிப்டும் தன் பங்குக்கு வேகத்தை 1க்கு இழுத்தது.

100 மில்லிவினாடிக்கு ஒருமுறை வேகத்தைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ஆசிரியர் குரல் விக்கி விக்கி வந்தது, அதை அழித்துவிட்டேன். அப்புறம், வேகம் மாறியதும் பிரவுசர் அனுப்பும் ரேட்சேஞ்ச் நிகழ்வை டாக்குமென்ட்டில், அதாவது முழுப் பக்கத்தின் மட்டத்தில், வைத்துப் பிடிக்கப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. கிளிக் கீழே இருக்கும் பொத்தானிலிருந்து மேலே பக்கம் வரை ஏறி வரும், வீடியோ நிகழ்வுகள் அப்படி ஏறி வருவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய கேப்சர் கட்டத்தில் மேலிருந்து வீடியோவுக்கு இறங்கும்போது டாக்குமென்ட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். நிகழ்வைப் பிடிக்கும் லிஸனரின் கடைசியில் ட்ரூ என்று ஒரே சொல் சேர்த்தேன். பிரவுசரின் சோதனைச் செய்திகள் வரும் கன்சோலில் வரிவரியாகக் கொட்டியது!

உடனே அடுத்த சண்டை. நான் 1.75 வைக்க, தளம் 1 வைக்க, மாறி மாறி நிற்காமல் போனது. நிகழ்வை மேற்கொண்டு போகவிடாத ஸ்டாப்இமீடியட்ப்ராபகேஷன் கட்டளையைப் போட்டு நிகழ்வை டாக்குமென்ட்டிலேயே மறித்துவிட்டேன். வேகம் மாறிய சேதி தளத்துக்கு இனி எட்டாது. புது வீடியோவின் விவரம் ஏறியதும் வரும் லோடட்மெட்டாடேட்டா நிகழ்வையும் இதே கேப்சரில் பிடித்ததால், பக்கத்தில் வரும் மாற்றங்களைக் கண்காணித்துப் புது வீடியோவைத் தேட எழுதியிருந்த மியூட்டேஷன்அப்சர்வர் நாற்பது வரியும் தேவையில்லாமல் போனது. அந்த நாற்பதையும் அழித்த நிமிஷம் அவ்வளவு சந்தோஷம்.

தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். தங்கச்சி தமிழ்99ல் குறிப்பு எடுப்பாள். அதை மாற்றாமல் வேகத்தைக் கூட்டும் D விசையை அழுத்தினால், ஈவென்ட்டின் கீ மதிப்பு (விசை தரும் எழுத்து) 'உ' என்று வருகிறது, வேகம் கூடவில்லை. கீயை விட்டுவிட்டு, விசை இருக்கும் இடத்தைச் சொல்லும் கோட் மதிப்பைப் பாருங்கள். எந்த மொழியில் இருந்தாலும் அதே விசைதான். குறிப்புப் பெட்டியில் கர்சர் இருக்கும்போது விசைகளைத் தொடாமல் விட்டுவிடவும் வேண்டும்.

குரோம் ஸ்டோரில் போட ஒருமுறை 5 டாலர் கட்ட வேண்டும், ஃபயர்ஃபாக்ஸில் காசு கிடையாது. அதனால் முதலில் அங்கேதான் போடப்போகிறேன். ஐகான் இன்னும் வரையவில்லை. ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனி வேகம் நினைவில் வைக்க வேண்டும் என்பது தங்கச்சியின் கோரிக்கை. கணக்கு எடுப்பவர் வேகமாகப் பேசுவார், அவருக்கு 1.25 போதுமாம். வரலாற்று வகுப்பு 40 நிமிஷம், இன்று காலை 23 நிமிஷத்தில் முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.