எறும்பு வராத மணல்

"டொக்டர், இவன் மூத்திரம் போற மணலுக்கு எறும்பு வருது."

நிலாவெளியிலிருந்து வந்த ரீச்சர் முதல் நாள் சொன்னது இவ்வளவுதான். திருகோணமலையில் மிருக வைத்தியராக வேலை செய்யும் எனக்கு, ஒரு பூனையின் சீனி வருத்தத்தை இத்தனை தெளிவாக வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை. வீட்டின் பின்பக்கத்தில் ஒரு பழைய பேசினில் கடற்கரை மணலைப் பரப்பி வைத்திருந்தார். அதில்தான் செல்லன் போவான். ஒரு கிழமையாக அந்த மணலில் எறும்பு மொய்க்கிறதாம்.

செல்லனுக்கு ஒன்பது வயது. கருத்தடை செய்த ஆண். ஒரு காலத்தில் 6 கிலோ இருந்தவன், அன்று 4.3 கிலோ. நன்றாகச் சாப்பிடுகிறான், ஆனால் மெலிகிறான். வாளித் தண்ணீரைத் தேடிப் போய்க் குடிக்கிறான். மேசையிலிருந்து இறக்கிவிட்டபோது பின்னங்கால்களின் குதி நிலத்தில் படப் படத்தான் நடந்தான். சீனி நீண்ட நாள் கூடியிருந்து நரம்பைத் தொட்டால் பூனைகள் அப்படித்தான் நடக்கும். இரத்தத்தில் சீனி 420.

மனிதர்களுக்குக் கொடுக்கும் கிளார்ஜின் இன்சுலினையே ஆரம்பித்தோம். காலை ஏழுக்கு ஒரு யூனிட், இரவு ஏழுக்கு ஒரு யூனிட். ரீச்சருக்கும் சீனி வருத்தம் உண்டு, ஆனால் அவர் குளிசை மட்டும் எடுப்பவர், ஊசி பழக்கமில்லை. வெறும் சிரிஞ்சை வைத்துப் பழக்கினேன். இரண்டாம் நாளே கை நடுங்காமல் போட்டார். பிறகு சாப்பாடு. சோறும் மீன் குழம்பும் பிசைந்து கொடுத்த வீடு அது. சோற்றை நிறுத்தச் சொன்னேன். அவித்த மீன், கோழி, கொஞ்சம் ஈரல், கிடைத்தால் டின் உணவு. பூனைக்கு மாவுச்சத்து தேவையே இல்லை, அதைக் குறைத்தால் இன்சுலின் தேவையும் குறையலாம், சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாமல் போகும் என்றும் சொன்னேன். இதைச் சொன்னவன் நான்தான் என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

ரீச்சர் ஒரு சி.ஆர். கொப்பியில் தினமும் எழுதினார். நேரம், ஊசி, எவ்வளவு சாப்பிட்டான், எவ்வளவு குடித்தான். ஓய்வு பெற்ற ஆசிரியை, கோடு போட்டு அழகாக எழுதுவார். இரண்டாவது கிழமையில் அளவை இரண்டு யூனிட் ஆக்கினோம்.

ஆறாவது கிழமை கிளினிக்குக்கு வந்தார்கள். கச்சான் காற்று வீசும் யூலை மாதம். நிலாவெளியிலிருந்து ஓட்டோவில், கூடைக்குள், பதினைந்து கிலோமீற்றருக்கு மேல். வெளியே வாங்கில் இரண்டு நாய்கள் காத்திருந்தன. செல்லன் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். இரத்தம் எடுத்தேன், 318. கொப்பியை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினேன். வெளியே இன்னும் ஏழு பேர். "மூன்று யூனிட்டாகக் கூட்டுவோம் ரீச்சர்" என்றேன்.

நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி. எப்போதும் "டொக்டர்" என்று கூப்பிடுபவர் அன்று "தம்பி" என்றார்.

"தம்பி, இவன் விழுந்து விழுந்து எழும்புறான். கண் ஒரு மாதிரிப் பாக்குது. கூப்பிட்டாத் திரும்புறான் இல்லை."

சீனி இறங்கிவிட்டது என்று அந்தக் கணமே தெரிந்தது. தேனோ சீனிப்பாணியோ விரலில் தொட்டு பல் முரசில் பூசச் சொன்னேன். வாய்க்குள் ஊற்ற வேண்டாம், புரைக்கேறும். பூசிக்கொண்டே வாருங்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் ஓட்டோ எடுத்தான். நான் கிளினிக்கைத் திறந்து, குளுக்கோஸை நீர் சேர்த்து ஐதாக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றேன். ஒரு நாளைக்கு எத்தனையோ ஓட்டோக்கள் போகும் வீதியில் அந்த அரை மணித்தியாலம் ஒன்றுகூட வரவில்லை போலிருந்தது. சாம்பல்தீவுப் பாலம் தாண்டியிருப்பார்களா, உப்புவெளி வந்திருப்பார்களா என்று வீதியை மனதுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தபோது செல்லனுக்கு வலிப்பு ஆரம்பித்திருந்தது. சீனி 34. நாளத்தில் குளுக்கோஸ் மெதுவாக ஏற்றினோம். சில நிமிடங்களில் கால்கள் தளர்ந்தன, பிறகு தலை தூக்கினான். கிளார்ஜின் நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து, ஒரு தடவை ஏற்றியதோடு ஆபத்து முடியாது. விடியும்வரை சேலைன் போத்தலும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சொட்டு இரத்தமுமாக இருந்தோம். ரீச்சர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவர் விரல்களில் தேன் காய்ந்து ஒட்டிக் கிடந்தது.

விடியப்புறம் மூன்று மணியளவில், வேறு வேலை இல்லாததால், கொப்பியை எடுத்து வாசித்தேன். இந்தத் தடவை புரட்டவில்லை. நான்காவது கிழமையிலிருந்து ஒரு வரி வந்துகொண்டே இருந்தது: "எறும்பு இல்லை." தண்ணீர் பாதிக் கோப்பை. மதிலில் பாய்ந்து ஏறினான். எறும்பு இல்லை. எறும்பு இல்லை.

மூத்திரத்தில் சீனி இல்லாவிட்டால்தான் எறும்பு வராது. பூனையின் இரத்தத்தில் சீனி ஏறத்தாழ 270 தாண்டினால்தான் மூத்திரத்துக்குப் போகும். அப்படியென்றால் வீட்டில் அவனுக்குச் சீனி கட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. கிளினிக்கில் நான் கண்ட 318, ஓட்டோவும் நாய்களும் ஊசியும் தந்த பயம். பயந்த பூனைக்கு, சீனி வருத்தமே இல்லாவிட்டாலும், 300 தாண்டலாம். பேராதனையில் இதைப் படித்துப் பரீட்சையிலும் எழுதியவன் நான். சோற்றை நிறுத்தினால் ஊசித் தேவை குறையும் என்று சொன்னவனும் நான். ஒரு பக்கம் முழு நாட்குறிப்பு, மறுபக்கம் ஒரே ஓர் எண். எண்ணைத்தான் நம்பினேன், ஏனென்றால் அதை நான் எடுத்தேன்.

காலையில் ரீச்சரிடம் சொன்னேன், "அளவைக் கூட்டியது என்னுடைய பிழை. உங்கள் கொப்பியில் எல்லாம் இருக்கிறது."

அவர் கோபப்படவில்லை. "கொப்பியைத் திறந்து பாத்தீங்கள்தானே. வாசிச்சிருப்பீங்கள் எண்டு நினைச்சன்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இன்சுலினை நிறுத்தினோம். ரீச்சரிடம் ஏற்கெனவே சீனி பார்க்கும் மெஷின் இருந்தது, தன் விரலில் குத்திப் பார்ப்பது. செல்லனின் காது ஓரத்தைச் சூடான துணியால் ஒற்றி, அங்கே குத்தி ஒரு சொட்டு எடுக்கக் காட்டிக் கொடுத்தேன். மனிதருக்கான மெஷின் பூனை இரத்தத்தில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொண்டார். மூன்று கிழமையாக வீட்டு எண்கள் 85க்கும் 130க்கும் இடையில்தான் நின்றன. ஊசி இனித் தேவைப்படவில்லை. வருத்தம் திரும்பி வரலாம், அதனால் கிழமைக்கு ஒரு தடவை காதில் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சீனி வருத்தப் பூனை யார் கொண்டு வந்தாலும் முதலில் வீட்டுக் கதையைக் கேட்கிறேன். கொப்பி கொண்டு வந்தால், மெஷினைத் தொடுமுன் கதிரையில் இருந்து முழுதும் வாசிக்கிறேன். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். சரி, முணுமுணுக்கட்டும்.

ரீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். போன கிழமை 112. கீழே, எண்ணைவிடப் பெரிய எழுத்தில், மணலைப் பற்றிய வரி.