அலுமினியமும் இரும்பும் ஒட்டுமா? வெல்டிங் வைவாவுக்கு நான் படித்த விதம்

திருச்சி, தஞ்சாவூர், நாகை பக்கம் ஐடிஐயில் வெல்டர் டிரேடு முடித்துவிட்டு, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்திருப்பவர்களுக்கும் துவாக்குடி ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளில் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் அந்த வழியாக வந்தவன்தான். வைவாவிலும் (வாய்மொழித் தேர்வு) நேர்காணலிலும் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "அலுமினியத்தையும் மைல்டு ஸ்டீலையும் (கார்பன் குறைந்த சாதாரண எஃகு) வெல்டு பண்ண முடியுமா?"

முடியாது என்றால் ஏன் என்பார்கள். முடியும் என்றால் எப்படி என்பார்கள். இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். சரியான பதில் இதுதான்: சாதாரண ஆர்க் வெல்டிங்கில் இரண்டையும் சேர்த்து உருக்கி ஒட்டினால் இணைப்பு நிற்காது, இரும்பை உருக்காமல் ஒட்டினால் நிற்கும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

முதலில் எண்களை முடித்துவிடலாம். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், இரும்பு 1538-இல். அலுமினியத்தின் மேல் படர்ந்திருக்கும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடானால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்: ஒரு மீட்டர் நீளத் துண்டை 100 டிகிரி சூடேற்றினால் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும், எஃகு 1.2 மில்லிமீட்டர். வெப்பத்தைக் கடத்துவதிலும் மைல்டு ஸ்டீலைவிட அலுமினியம் பல மடங்கு வேகம். ஆப்ஜெக்டிவ் தேர்வுக்கு இவ்வளவு போதும்.

ஆனால் நிறைய பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். "உருகுநிலை வித்தியாசம் சார்" என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அது பாதிப் பதில்தான். செம்புக்கும் எஃகுக்கும் கூட உருகுநிலையில் 400 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது, அவற்றைச் சேர்த்து வெல்டு செய்கிறார்களே என்று தேர்வாளர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

உண்மையான காரணம் அந்த உலோகங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. திட அலுமினியத்துக்குள் இரும்பு ஏறக்குறைய கரைவதே இல்லை. அதிகபட்சம் சுமார் 0.05 சதவீதம். கரைய இடமில்லாத இரும்பு அலுமினியத்தோடு வினைபுரிந்து Fe₂Al₅, FeAl₃ போன்ற சேர்மங்களாகிறது. இவற்றைத்தான் இன்டர்மெட்டாலிக் என்கிறோம். மைல்டு ஸ்டீலைவிடப் பல மடங்கு கடினமானவை, ஆனால் கண்ணாடியைப் போல நொறுங்குபவை. வெல்டு ஆறும்போது இரண்டு உலோகமும் வேறு வேறு அளவில் சுருங்குகின்றன அல்லவா, அந்த இழுவையிலேயே இந்த அடுக்கில் கிராக் விழுந்துவிடும். சூடு அதிகமாக ஆக, சூடாக இருக்கும் நேரம் நீள நீள, அடுக்கு தடிமனாகும். அது சுமார் 10 மைக்ரானுக்குள் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) இருந்தால் இணைப்பு தாங்கும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு.

வாய்ப்பிருந்தால் ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட்டு இதைச் செய்து பாருங்கள். ஒரு மைல்டு ஸ்டீல் பிளேட்டின் மேல் ஸ்கிராப் அலுமினியத் துண்டை வைத்து, டிக் மெஷினில் (டங்ஸ்டன் முனையால் ஆர்க் உண்டாக்கும் வெல்டிங் மெஷின்) ஏ.சி. மின்னோட்டம் வைத்து, 4043 ஃபில்லர் ராடால் (இணைப்பை நிரப்ப உருக்கும் அலுமினியக் கம்பி) இரண்டும் உருகும்படி ஒரு பீடு (வெல்டு வரி) போடுங்கள். கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) பிளேட்டை எடுக்காதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். ஆறிய பிறகு சுத்தியலால் லேசாகத் தட்டினால் போதும், பீடு அப்படியே பெயர்ந்து வரும். சில நேரம் ஆறும்போதே டிக் டிக்கென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். பெயர்ந்த இடம் மினுமினுப்பில்லாத சாம்பல் நிறத்தில், வளைந்த அடையாளமே இல்லாமல் இருக்கும். அதைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு "பிரிட்டில் ஃபிராக்சர்" என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இனி "எப்படி" என்ற பக்கம். காரணம் புரிந்துவிட்டால் எல்லா முறையும் ஒரே நோக்கத்துக்காக வந்தவை என்று தெரியும்: இரும்பு உருகக் கூடாது, சூடு நீடிக்கக் கூடாது.

வெல்டு பிரேசிங்கில் அலுமினியம் பக்கம் உருகுகிறது, இரும்பு பக்கம் திடமாகவே இருக்கிறது. அதாவது ஒரே பீடு ஒரு பக்கம் வெல்டிங், மறுபக்கம் பிரேசிங் (அடி உலோகம் உருகாமல் ஃபில்லர் மட்டும் உருகி ஒட்டுவது). இதற்குச் சிலிக்கான் கலந்த ஃபில்லரை எடுப்பார்கள். 4043-இல் சுமார் 5 சதவீதம், 4047-இல் சுமார் 12 சதவீதம். சிலிக்கான் அந்த நொறுங்கும் அடுக்கின் வளர்ச்சியைத் தடுக்கிறது. எஃகின் மேல் துத்தநாகமோ அலுமினியமோ முன்பே பூசியிருந்தால் உருகிய ஃபில்லர் நன்றாகப் பரவும். ஃப்ரிக்‌ஷன் வெல்டிங்கில் உருகுதலே கிடையாது. தேய்ப்பில் வரும் சூடும் அழுத்தமும்தான். ஃப்ரிக்‌ஷன் ஸ்டர் வெல்டிங் (சுழலும் கருவியால் உலோகத்தைக் கிளறி ஒட்டும் வகை) 1991-இல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. ஹோண்டா 2013 மாடல் அக்கார்ட் காரின் முன்பக்க சப்ஃப்ரேமில் (இன்ஜினைத் தாங்கும் சட்டம்) எஃகையும் அலுமினியத்தையும் இந்த முறையில் இணைத்தது. நேர்காணலில் இப்படி ஒரு நிஜ உதாரணம் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எனக்கு மிகவும் பிடித்தது பைமெட்டல் துண்டு. வெடிமருந்தின் அழுத்தத்தில் அலுமினியத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் மோதவிட்டு முன்பே ஒட்டி வைத்த பட்டை அது. எஃகு உடலின் மேல் அலுமினிய மேல்கட்டுமானம் வைக்கும் கப்பல்களில் நடுவே இந்தப் பட்டையை வைப்பார்கள். பிறகு வெல்டருக்கு வேலை சுலபம்: அலுமினியத்தை அலுமினியத்தோடு, எஃகை எஃகோடு. இதில் ஒரு கிளைக்கேள்வி வரும், எந்தப் பக்கம் முதலில்? அலுமினியம் பக்கம்தான். அதை முடித்துவிட்டால், எஃகை வெல்டு செய்யும்போது வரும் சூட்டை இழுத்துக்கொள்ள ஒரு பெரிய உலோக உடல் கிடைக்கிறது. ஒட்டிய எல்லை அளவுக்கு மேல் சூடாகாது.

இந்தப் பாடத்தை நம் ஊரிலேயே பார்க்கலாம். வயலுக்கு நடுவே போகும் மின்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஏ.சி.எஸ்.ஆர்.: நடுவில் கால்வனைஸ் செய்த எஃகு இழை, சுற்றிலும் அலுமினிய இழைகள். வெல்டிங்கே இல்லை, முறுக்கி மட்டுமே சேர்த்திருக்கிறார்கள். எஃகு பாரத்தைத் தாங்குகிறது, அலுமினியம் மின்சாரத்தைக் கொண்டுபோகிறது. பழைய டவுன் பஸ்ஸில் எஃகு ஃப்ரேமின் மேல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்திருப்பதும் அதே கதைதான். "வெல்டு பண்ணாமலே இணைக்க முடியாதா?" என்று கேட்டால் இவற்றைச் சொல்லலாம்.

படிப்புக்கு நேரம் ஒதுக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு-அலுமினியம் கட்டப் படத்தை (எந்தக் கலவை எந்தச் சூட்டில் எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் ஃபேஸ் டயகிராம்) ஒரு முறையாவது கையால் வரைந்து பாருங்கள். திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே நடக்கும் பயிற்சிகளைப் பற்றி உங்கள் ஆசிரியர்களிடம் விசாரியுங்கள். இப்படி ஒரு இடம் பக்கத்தில் இருப்பது டெல்டா பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பு.

கடைசியாக அரிப்பு. நேர்காணலில் ஆட்களை வடிகட்டுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் வீடுகளில் அலுமினிய ஜன்னலில் இரும்பு ஸ்க்ரூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். உப்புக் காற்றின் ஈரத்தில் இரண்டு உலோகமும் ஒரு பேட்டரி ஆகிவிடுகிறது. அலுமினியம் ஆனோடு, அதுதான் கரையும். அப்படியானால் இரண்டில் எந்த உலோகத்துக்குப் பெயிண்ட் அடிப்பாய் என்பார்கள். அரிக்கிற அலுமினியத்துக்கு மட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெயிண்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் பெரிய எஃகுப் பரப்பின் மொத்தத் தாக்கமும் அந்தக் கீறலில் குவியும், அலுமினியம் அங்கே சீக்கிரம் ஓட்டையாகிவிடும். எஃகுக்கும் கட்டாயம் அடிக்க வேண்டும், முடிந்தால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத வாஷரோ சீலன்டோ வைக்க வேண்டும் என்று காரணத்தோடு சொல்லுங்கள்.