தூளியில் முதல் தலைகீழ்

கூரையிலிருந்து தொங்கும் துணித் தூளியில் செய்யும் ஏரியல் யோகாவுக்குப் புதிதாக வருகிறவர் துணியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னைத் தாங்குமா?" என்று கேட்பார். துணி தாங்கும். அது எதில் மாட்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால் தலைகீழ் பாடத்தைக் கூரையிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

நம் ஊர் கான்கிரீட் கூரையில் ஏற்கெனவே ஒரு கொக்கி தொங்கும், ஃபேனுக்காகப் போட்டது. அதிலேயே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்காத ஆளில்லை. கூடாது. அது சில கிலோ எடையுள்ள ஃபேனுக்கான கொக்கி. 70 கிலோ ஆள் அசையாமல் உட்கார்ந்தால் 70 கிலோதான்; ஆடும்போதும் சட்டென்று எடையைப் போடும்போதும் அது இரண்டு மூன்று மடங்காகும். அதனால் ஆள் எடையைப் போலப் பத்து மடங்கு தாங்கும்படி அமைப்பது இந்தத் தொழிலில் பழக்கம். முடிந்தால் பீமில் போடுங்கள். கூரைத் தளத்தில்தான் போட வேண்டுமென்றால் ஒற்றை போல்ட்டை நம்பாமல், நான்கு துளை உள்ள இரும்புத் தகட்டைப் பொருத்தி, சுமையைப் பிரித்துவிடுவது நல்லது. எந்த போல்ட், எவ்வளவு ஆழம் என்பதைக் கட்டடப் பொறியாளர் தளத்தின் கனத்தைப் பார்த்துச் சொல்லட்டும். துளை போடும்போது கம்பி தட்டினால் கம்பியை அறுக்காமல் தகட்டை நகர்த்தச் சொல்லுங்கள். ஃபேன் பாயிண்டுக்குப் போகும் கரண்ட் பைப்பும் தளத்துக்குள்ளேயே ஓடும், அது எந்தப் பக்கம் போகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தூளிக்கு இரண்டு கொக்கி, நடுவே 45 முதல் 60 செ.மீ. இடைவெளி. துணி, நைலான் டிரைகாட் என்ற பின்னல் துணி, சுமார் 2.7 மீட்டர் அகலம், சாதாரண உயரக் கூரைக்கு 5 மீட்டர் நீளம் போதும். கொக்கியையும் தூளியையும் இணைக்கும் பூட்டு வளையமான காரபைனரில் 22 கிலோநியூட்டன் (ஏறக்குறைய 2,200 கிலோ எடை) அல்லது அதற்கு மேல் என்று பொறித்திருக்க வேண்டும், வாய்ப்பூட்டைத் திருகி மூடியிருக்க வேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைக்க உதவும், வரிசையாக வளையங்கள் தைத்த பட்டையான டெய்ஸி செயினில்தான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள். ஒரே காரபைனரை இரண்டு வளையங்களில் சேர்த்துக் கோத்தால், நடுத்தையல் பிரியும்போது காரபைனர் முழுதாக வெளியே வந்துவிடும். மலையேற்றத்துக்கான சாதாரண டெய்ஸி செயினில் முழுப் பட்டைக்கு இருக்கும் பலம் நடு வளையங்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு வளையமும் தனித்தனியாக ஒன்றுக்குள் ஒன்று கோத்த வகை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் இந்தத் தப்பு நடக்காது.

தலைகீழுக்குத் தூளியின் அடி, நிற்பவரின் இடுப்பு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். வெறும் தூளியை வைத்து அளந்தால் ஏமாறுவோம். நைலான் இழுபடும், ஆள் உட்கார்ந்ததும் பல செ.மீ. இறங்கும், எடை கூடக் கூட இன்னும் இறங்கும். ஆளை உட்காரவைத்து அளக்க வேண்டும். தொங்கும்போது தலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும், உள்ளங்கை தரையைத் தொடவும் வேண்டும். கை தரையில் பட்டாலே பயம் பாதி போய்விடும்.

மெட்டி, கொலுசு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறோம். மெட்டியின் ஒரு முனை போதும், நைலானில் கண்ணி இழுத்துவிடும். தாலியைக் கழற்ற மனசில்லாதவர்களை வற்புறுத்துவதில்லை. டி-ஷர்ட்டுக்குள் போட்டு, அதன் மேல் இறுக்கமான பனியன் போட்டுக்கொண்டால் முகத்தில் வந்து விழாது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுவது உத்தமம். எண்ணெய் பட்ட துணி வழுக்கும், கறையும் போகாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

கண் அழுத்த நோய், விழித்திரைப் பிரச்சினை, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்தக்கொதிப்பு, அண்மையில் ஆபரேஷன், கர்ப்பம், தலைசுற்றல் நோய், டிஸ்க் பிரச்சினை, எலும்புத் தேய்மானம்: இவற்றில் ஏதாவது இருந்தால் தலைகீழ் கிடையாது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பார்க்கலாம். இதை எல்லார் முன்னாலும் கேட்டால் பாதிப் பேர் மறைப்பார்கள். தனியாகக் கேளுங்கள்.

இனி துணி எங்கே உட்கார வேண்டும் என்பது. துணியை ஒரு சாண் அகலப் பட்டையாகச் சுருக்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், கீழ்முதுகு முடிந்து புட்டம் தொடங்கும் இடத்திலுள்ள தட்டையான எலும்பில் வைக்க வேண்டும். இடுப்பின் குழிவில் வைத்தால் தொங்கும்போது மொத்த எடையும் முதுகெலும்பின் வளைவில் விழுந்து வலிக்கும். புட்டத்துக்கு அடியில் வைத்தால் இன்னும் மோசம். தலை கீழே போனதும் உடம்பு தலைப்பக்கமாகச் சரியும், துணி தொடைப்பக்கமாக நழுவும், தடுக்க எதுவும் இருக்காது. தட்டை எலும்பில் இருந்தால் புட்டமே முட்டுக்கொடுக்கும். பளபள லெக்கிங்ஸ் போட்டு வருகிறவர்களுக்கு இந்த நழுவல் அதிகம், பருத்தி கலந்த உடை பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் கண்ணால் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. "அக்கா, துணி எங்க அழுத்துது, கையை வச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

தோள் உயரத்தில் இரண்டு பக்கத் துணியையும் பிடித்து, பின்னால் சாய்ந்து, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, காலை இரண்டு துணிக்கும் வெளிப்பக்கமாக விரிக்க வேண்டும். தலை தானாகக் கீழே போகும். உடனே முழங்காலை மடக்கி, பாதங்களைத் துணிக்கு முன்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து உள்ளங்கால்களைச் சேர்க்க வேண்டும். இதுதான் பூட்டு. இது விழுந்த பிறகே ஒவ்வொரு கையாக விடச் சொல்வோம். பக்கவாட்டில் நின்று ஒரு கை மேல்முதுகிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்துக்கொள்ளுங்கள், கால் விரியும் பாதையில் நின்றால் மூக்கில் உதை விழும்.

தலைகீழாக இருப்பவரிடம் "மேலே", "கீழே" என்று சொல்லக் கூடாது. அவருடைய மேல் எது என்று அவருக்கே அப்போது தெரியாது. "தரையைப் பார்த்து", "கூரையைப் பார்த்து" என்று சொல்லுங்கள்.

முதல் தடவைக்கு 30 விநாடி போதும். இறங்கி வருவதில்தான் முக்கால்வாசித் தவறு நடக்கிறது. பதற்றத்தில் பூட்டியிருக்கும் காலை முதலில் எடுத்துவிடுவார்கள். கால் கடைசி. தாடை நெஞ்சுக்கு, கை துணியைத் தேடிப் பிடித்து ஏறட்டும், மூச்சை விட்டபடி உட்கார்ந்து, அதன் பிறகே காலைப் பிரிப்பது. தலைகீழாகப் போவதற்கு முன் உட்கார்ந்த நிலையிலேயே இந்த வரிசையை இரண்டு முறை ஒத்திகை பார்த்தால் பதற்றத்திலும் உடம்பு மறக்காது. எழுந்ததும் ஐந்து மூச்சு அப்படியே உட்காரட்டும், ஆட வேண்டாம். குமட்டினால் கண்ணைத் திறந்து அசையாத ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணை மூடினால் கூடும்.

தொடை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னும் நெரிவது முதல் சில வகுப்புகளுக்கு இருக்கும். பட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டால் குறையும். மரத்துப்போனால் இறங்கிவிட வேண்டும், வலியைப் பொறுப்பதில் பெருமை இல்லை. தொங்கினால் உயரம் வளரும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். முதுகு தளர்வது உண்மை, அது கொஞ்ச நேரத்துக்குத்தான். கயிற்றில் தொங்கி ஆசனம் செய்வது புதிதும் அல்ல, புனேயில் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் சுவரில் கயிறு கட்டிச் சொல்லித்தந்ததுதான். தூளியோடு அது உலகம் சுற்றியது 2000-களில்.

துணியைப் பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்புத்தூள் போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். வாசனைக்கு கம்ஃபர்ட் மாதிரி எதுவும் வேண்டாம், வழுக்கும். வெயில் நைலானை நைந்துபோகச் செய்யும். ஒவ்வொரு தடவை துவைத்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, கையால் தடவிக்கொண்டே பாருங்கள். ஓட்டை சிறிதாக இருந்தாலும் தைத்துப் பயன்படுத்தக் கூடாது. ஒதுக்கிய துணியைக் கத்தரியால் குறுக்கே வெட்டித்தான் குப்பையில் போடுகிறோம். முழுசாக விட்டால் யாராவது எடுத்துப்போய்க் குழந்தைக்குத் தூளி கட்டிவிடுவார்கள்.